திரைக்குப் பின்னால் சக்திமான்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி)

தோற்றுவாய்

பறக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு உடன் பிறந்தது. கடலைத் தாவிய அனுமன் கதையும், மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு கதிரவனை நெருங்கி வீழ்ந்த கிரேக்க இளைஞன் இக்காரசின் கதையும் அவ்வாசை பெற்ற பிள்ளைகளே. நம் சீவக சிந்தாமணியிலும் சச்சந்த மன்னன் தன் மனைவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வான்வழியே அனுப்புகிறான். அரண்மனையிலிருந்து எழுந்த அப்பொறி இறுதியில் சுடுகாட்டில் இறங்கியது என்பதைத் திருத்தக்கதேவர் மறைக்கவில்லை. ஏறியது இறங்கியே தீரும் என்பது இலக்கியத்துக்கும் இயற்பியலுக்கும் பொதுவான விதி போலும்!

அந்தப் பழைய ஆசையின் அண்மைக்கால வடிவமே தொலைக்காட்சியில் பறந்த அதிசய வீரர்கள். அவர்களுள் இந்தியச் சிறுவர்களைப் பெரிதும் ஆட்கொண்டவன் சக்திமான். அவன் எவ்வாறு பிறந்தான், யார் யார் சாயல் அவனிடம் உண்டு, எவ்வாறு பறந்தான் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பொழுதுபோக்குத் தொடருக்கு ஆண்டு மலரில் இத்தனை பக்கங்களா என்று பேராசிரியப் பெருமக்கள் வினவலாம். என்னை எழுதத் தூண்டியது ஒரு கால். ஆம், என் தாய்மாமனின் வலது கால். அதன் வரலாறு பின்னர் வரும்.

மலைக்கு வந்த பெட்டி

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு தொடங்கியது. போடிநாயக்கனூருக்கு மேலேயுள்ள ஏலமலைச் சரிவுகளுக்குப் படம் வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதைக் கொண்டு வந்தது கொடைக்கானல் மலையில் நின்ற ஒளிபரப்புக் கோபுரம். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. இடையில் மலை நின்றால் மறைந்து விடுபவை. ஆகவே கொடைக்கானலைப் பார்த்து நின்ற சரிவுகளில் படம் தெளிவாக விழுந்தது. மலை மடிப்புக்குள் அமைந்த வீடுகளிலோ திரை முழுவதும் வெண்புள்ளி மழைதான்.

என் அம்மாச்சி ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். தோட்டத்து லயன் வீடுகளில் அப்போது தொலைக்காட்சி இல்லை. கணக்குப்பிள்ளை வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. மூங்கிலில் கட்டிய ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றப் பிள்ளைகள் வாசற்படியில் அமர்ந்து பார்ப்பார்களாம். அவ்வாறு பார்த்த பிள்ளைகளுள் என் தாயும் மாமாவும் உண்டு.

சக்திமான் யார்?

சக்திமான் தொடர் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் 1997 செப்டம்பர் 13 அன்று தொடங்கி, 2005 மார்ச் வரை நடைபெற்றது. அதைத் தயாரித்தவரும் தலைமை வேடம் ஏற்றவரும் ஒருவரே. அவர் முகேஷ் கன்னா. புனே திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பயின்ற இவர், 1988 முதல் 1990 வரை ஒளிபரப்பான பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத் தொடரில் பீஷ்மராக நடித்து நாடெங்கும் அறிமுகமானவர். வெண்தாடிப் பிதாமகராக வீடுகளில் நுழைந்தவரே பின்னர்ச் சிறுவர்களின் பறக்கும் வீரனாகவும் நுழைந்தார். தொடரை இயக்கியவர் தினகர் ஜானி.

கதை எளிது. உலகில் தீமை பெருகியபோது சூரியாம்சிகள் என்னும் முனிவர் கூட்டம் ஒருவனைத் தேர்ந்து பயிற்றுகிறது. யோகத்தால் அவன் உடலின் ஏழு சக்கரங்கள் விழிக்கின்றன. ஐம்பூதங்களின் ஆற்றல் அவனிடம் சேர்கிறது. அவனே சக்திமான். ஊரறிய அவன் எடுக்கும் மறுவடிவம் கங்காதர்: துருத்திய பல், பெரிய மூக்குக் கண்ணாடி, வாய் திறந்தால் உளறல். செய்தித்தாள் அலுவலகத்தில் நிழற்படக்காரன் வேலை. அவனுடைய முழுப்பெயர் பண்டித கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி என நீளும். அப்பெயரை ஒரே மூச்சில் சொல்வது அந்நாளில் பள்ளிப் பிள்ளைகளிடையே ஒரு போட்டி. உடன் பணிபுரியும் செய்தியாளர் கீதா விஸ்வாஸ். அவ்வேடத்தில் முதலில் கிட்டு கித்வானியும் பின்னர் வைஷ்ணவி மகந்தும் நடித்தனர். எதிரியாகிய இருளின் அரசன் தம்ராஜ் கில்விஷ். இருளே நிலைக்க வேண்டும் என்பது அவன் முழக்கம். வடமொழியில் ‘கில்பிஷம்’ என்றால் பாவம். எனவே பெயரிலேயே அவன் குணம் இருந்தது. அவ்வேடத்தை ஏற்ற சுரேந்திர பால் மகாபாரதத்தில் துரோணராக வந்தவர். பழைய தொடரின் பிதாமகரும் குருவும் புதிய தொடரில் ஒளியும் இருளுமாக நின்றனர் என்பது சுவையான செய்தி அன்றோ?

சக்திமானின் முன்னோர்கள்

ஒரு படைப்பில் பிற படைப்பின் சாயலைக் கண்டவுடன் ‘களவு’ என்று கூறிவிடுதல் ஆராய்ச்சி ஆகாது. எதைப் பெற்றான், பெற்றதை என்ன செய்தான் என்று காண்பதே முறை. அம்முறையில் சக்திமானின் முன்னோரை நோக்குவோம்.

முதல் முன்னோன் சூப்பர்மேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு யூத இளைஞர்கள் படைத்த இவ்வீரன் 1938-இல் சித்திரக்கதை இதழ் ஒன்றில் முதலில் தோன்றினான். வெளியே கூச்சமுள்ள செய்தியாளன் கிளார்க் கென்ட், உள்ளே உலகைக் காக்கும் வீரன் என்னும் இரட்டை வாழ்வும், உடன் பணிபுரியும் துணிச்சலான பெண் செய்தியாளரும் அங்கிருந்து வந்தவை எனலாம். கிறிஸ்டோபர் ரீவ் நடித்த 1978-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவ்விரட்டை வேடம் நகைச்சுவையோடு மெருகேறியது. கங்காதரின் தடுமாற்றத்தில் அதன் எதிரொலியைக் கேட்கலாம்.

இரண்டாம் முன்னோன் ஸ்பைடர்மேன். ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இருவரும் 1962-இல் படைத்த இவன் செய்தித்தாளுக்கு நிழற்படம் எடுத்து விற்றுப் பிழைக்கும் மாணவன். கங்காதரும் நிழற்படக்காரனே.

சுழன்று உருமாறும் முறைக்கும் ஓர் ஒப்புமை உண்டு. 1975 முதல் 1979 வரை ஒளிபரப்பான ‘வொண்டர் உமன்’ அமெரிக்கத் தொடரில் லிண்டா கார்ட்டர் நின்ற இடத்தில் சுழன்று வீராங்கனையாக மாறுவார். சக்திமான் ஒரு விரலை உயர்த்திச் சுழல்வான். தொடரில் வரும் தீய அறிவியலாளன் டாக்டர் ஜேக்கால். அப்பெயரில், இரட்டை இயல்பு கொண்ட மருத்துவன் ஜெக்கிலைப் பற்றி ஸ்டீவன்சன் 1886-இல் எழுதிய கதையின் நினைவு ஒலிக்கிறது.

இவை வெளியிலிருந்து வந்தவை. மண்ணிலிருந்து எழுந்தவை யாவை? சூப்பர்மேன் வேற்றுக் கோளில் பிறந்ததால் ஆற்றல் பெற்றான். ஸ்பைடர்மேனுக்குச் சிலந்திக் கடியால் ஆற்றல் கிட்டியது. ஒருவனுக்குப் பிறப்பும் மற்றவனுக்கு விபத்தும் தந்ததைச் சக்திமானுக்குத் தந்தது பயிற்சி. தவம் செய்து வரம் பெறுதல் நம் புராணங்களில் அரக்கருக்கும் முனிவருக்கும் பொதுவான வழி. அவ்வழியில் நடந்தே இவன் வீரனானான். இதுவே தொடர் செய்த புதுமை என்பது என் துணிபு.

தமிழ்ச் சிறுவர்களுக்கு இத்தகைய வீரர் புதியவர் அல்லர். சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-இல் பிறந்த வீரன் அவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். மாயாவி சிவகாசியில் தமிழ் பேசக் கற்றுக்கொண்ட பிறகே நம் சிறுவர் கைக்கு வந்தான். எங்கள் மலைப் பெட்டிக்குள் வந்த சக்திமானோ இந்தியிலேயே பேசினான். இந்த வேறுபாட்டின் விலை என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

பறந்தது எப்படி?

மனிதனைப் பறக்க வைக்கத் திரைக்கலைஞர்கள் கையாண்ட வழிகள் பல. அவற்றுள் முதன்மையானவை நான்கு.

முதலாவது கயிறு. நடிகரின் உடைக்குள் தோல்வாரினால் ஆன கச்சை இருக்கும். அதன் இடுப்புப் பகுதியில் மெல்லிய எஃகுக் கம்பிகளைப் பூட்டிக் கப்பி வழியே தூக்குவர். கம்பி பூட்டும் இடம் உடலின் ஈர்ப்பு மையத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையேல் தலை தாழும், அல்லது கால் தாழும். வானில் மிதப்பது போலத் தோன்றும் நடிகர் உண்மையில் வயிற்றுத் தசையை இறுக்கி, வலியை மறைத்துப் புன்னகைத்துக் கொண்டிருப்பார்.

இரண்டாவது நிறத்திரை. நடிகரை நீலம் அல்லது பச்சைத் திரைக்கு முன் நிறுத்திப் படம் பிடிப்பர். பின்னர் மின்னணுக் கருவி அந்நிறம் வந்த இடத்தையெல்லாம் நீக்கிவிட்டு, அங்கே வானத்தையோ நகரத்தையோ பொருத்தும். நீலமும் பச்சையும் ஏன்? மனிதத் தோலில் செம்மை மிகுதி. ஆகவே அவ்விரு நிறங்களிலிருந்து தோலைப் பிரிப்பது எளிது. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. சூப்பர்மேனின் உடையே நீலம்! நீலத் திரையோடு உடையும் மறைந்துவிடும் என்பதால், 1978-ஆம் ஆண்டுப் படத்தின் அத்தகைய காட்சிகளுக்குச் சற்றே பச்சை கலந்த நீலத்தில் தனி உடை தைக்க நேர்ந்தது. சக்திமானின் உடை செம்மை சார்ந்தது. அவனுக்கு அத்தொல்லை இல்லை.

அப்படத்துக்காகவே ஜோரன் பெரிசிச் என்பவர் இன்னொரு முறையை வகுத்தார். படம் பிடிக்கும் கருவிக்கும் பின்னணியை வீசும் கருவிக்கும் உருவைப் பெருக்கிச் சுருக்கும் வில்லைகளைப் பொருத்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் இயங்கச் செய்தார். பின்னணி மாறாது நிற்கும். நடிகரின் உருவம் மட்டும் பெரிதாகும். நடிகர் ஓரடி கூட நகராமல் நம்மை நோக்கிப் பறந்து வருவது போல் தோன்றும்.

மூன்றாவது வழி தலைகீழ் ஓட்டம். மேலிருந்து கீழே குதிப்பதைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால், கீழிருந்து மேலே தாவுவதாகத் தெரியும்.

நான்காவது வழிக்குக் கருவியே வேண்டாம், கத்தரிக்கோல் போதும். வீரன் கூரை விளிம்பில் நிற்பது ஒரு காட்சி. அவன் கால்கள் தரையில் ஊன்றுவது அடுத்த காட்சி. இரண்டுக்கும் இடையில் நடந்தது எதுவும் இல்லை. வெட்டி ஒட்டியது மட்டும் உண்டு. இடைப்பட்ட வீழ்ச்சியை நம் மனமே இட்டு நிரப்பிக் கொள்கிறது. நான்கினுள் மிக எளியது இதுவே. ஆகவே மிக ஆபத்தானதும் இதுவே. கம்பியை ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம். இல்லாத காட்சியை எவ்வாறு கண்டுபிடிப்பது?

சுழற்சியின் கணக்கு

சக்திமானின் அடையாளமே சுழற்சி. நம் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படச்சட்டங்கள் ஓடும். நொடிக்கு 12 சட்டம் வீதம் எடுத்ததை 25 வீதம் ஓட்டினால் வேகம் இரு மடங்குக்குச் சற்று மேல் ஆகிவிடும். அதன் மேல் கணினி வரைகலையால் கோடுகளைத் தீட்டினால் மனிதன் சூறாவளியாகிறான். நடிகர் சுற்ற வேண்டியதோ சில சுற்றுகள் மட்டுமே.

உண்மையாகவே ஒருவர் வேகமாகச் சுற்றினால் நிகழ்வது வேறு. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றில் நிறைந்த நீர்மமே உடலின் திருப்பங்களை மூளைக்கு உணர்த்துகிறது. உடல் சுழலத் தொடங்கினால் நீர்மமும் மெல்ல உடன் சுழலும். உடல் நின்ற பின்னும் நிலைமத்தால் அது சிறிது நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். கால் நின்றுவிட்டது என்று கண் சொல்ல, இன்னும் சுற்றுகிறோம் என்று காது சொல்லும். இவ்விரு சாட்சிகளின் முரண்பாட்டையே நாம் கிறுகிறுப்பு என்கிறோம். நியூட்டனின் முதல் விதி நம் காதுக்குள்ளேயும் ஆட்சி செய்கிறது!

செலவும் முடிவும்

அக்காலத் தூர்தர்ஷன் முறையில் தனியார் தயாரிப்பாளர் ஒளிபரப்புக்குக் கட்டணம் செலுத்துவார். அதற்கு ஈடாகக் கிடைக்கும் விளம்பர நேரத்தை விற்றுச் செலவைத் திரும்பப் பெறுவார். தொடர் புகழ்பெறப் பெறக் கட்டணமும் உயர்ந்தது என்றும், அச்சுமையே தொடரை நிறுத்தக் காரணம் என்றும் முகேஷ் கன்னா பேட்டிகளில் கூறியுள்ளார். கில்விஷால் வெல்ல முடியாத வீரனைக் கணக்குப் புத்தகம் வென்றுவிட்டது. ஆயினும் அவன் மறையவில்லை. 2011-இல் வரைபடத் தொடராக மீண்டும் வந்தான். 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது தூர்தர்ஷன் பழைய தொடரையே மறு ஒளிபரப்புச் செய்தது. திரைப்படமாக எடுக்கப்போவதாக 2022-இல் அறிவிப்பும் வந்தது.

எச்சரிக்கையும் மொழியும்

தொடர் நடைபெற்ற காலத்தில், சக்திமான் வந்து காப்பான் என நம்பிச் சில குழந்தைகள் உயரத்திலிருந்து குதித்ததாகவும் தீக்காயம் பட்டதாகவும் நாளிதழ்களில் செய்திகள் வந்தன. அவற்றுள் சில மறுக்கப்பட்டன. எனினும் நாடெங்கும் விவாதம் எழுந்தது. தன்னைப் போல் செய்து பார்க்க வேண்டாம் என்று முகேஷ் கன்னா குழந்தைகளிடம் நேரடியாகச் சொன்னார். பகுதியின் முடிவில் ‘சின்னச் சின்ன, ஆனால் பெரிய செய்திகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அறிவுரைப் பகுதி இடம்பெற்றது. தவறு செய்த குழந்தை சக்திமானிடம் மன்னிப்புக் கேட்கும், அவன் திருத்துவான். குப்பையைத் தெருவில் எறியாதே என்பது போன்ற நல்லுரைகளே அவை.

இவற்றையெல்லாம் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னவள் இந்தி பிரசார சபைத் தேர்வுகள் எழுதிய என் வகுப்புத் தோழி. அவள் சொல்லச் சொல்ல நான் மாமாவை நினைத்துக் கொண்டேன். அறிவுரைப் பகுதியைப் பற்றி அவரிடம் கேட்டபோது, “அதுவா? அது ஏதோ விளம்பரம்னு நெனச்சு நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்” என்றார்.

படம் மொழியைக் கடந்து மலையேறி வந்தது. அறிவுரை அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. பறப்பதைப் பார்க்க மொழி வேண்டாம். பறக்காதே என்பதைக் கேட்க மொழி வேண்டும்.

பன்னிரண்டு அடி

இனி அந்தக் காலின் வரலாறு. 1998-ஆம் ஆண்டு, காய் எடுப்புக் காலம். பெரியவர்கள் எல்லாரும் தோட்டத்துக்குள் இருந்தனர். பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு விறகுக் கொட்டகை உண்டு. அதன் தகரக் கூரை தரையிலிருந்து பன்னிரண்டு அடி. பத்து வயதான என் மாமா அதன் மேல் ஏறினார். சற்று நேரத்தில் கீழே கிடந்தார்.

வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. ஜீப்பில் தூக்கிக் கொண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கினார்கள். கையில் இருந்த பணத்துக்கு ஏற்ற இடத்தில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை. இன்றும் அவர் சாய்ந்தே நடக்கிறார். ஏலத்தோட்ட வேலை முழுவதும் சரிவில் ஏறி இறங்கும் வேலை. ஆகவே அது அவருக்கு இல்லை என்றாயிற்று.

“டிவியைப் பார்த்துட்டுப் பறக்கப் போறேன்னு குதிச்ச பய” என்றே எங்கள் உறவினர் அவரைச் சொல்வார்கள். அம்மாச்சி சாகும் வரை அப்படியே சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுக்க அமர்ந்தபோதுதான் முதன்முறையாக அவரையே கேட்டேன். அவர் சொன்னார்:

“நான் எங்க தாயி குதிச்சேன்? மனுசன் பறக்க மாட்டான்னு எனக்கும் தெரியும். அவன மாதிரி ஒத்த விரலத் தூக்கிக்கிட்டுச் சுத்துனேன். சுத்துனா என்னமோ நடக்கும்னு நெனச்சேன். தலை கிறுகிறுத்துப் போச்சு. கூரையோட ஓரம் எங்க இருக்குன்னே தெரியல.”

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவரை யாரும் இதைக் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஏட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டு அடி என்பது ஏறத்தாழ 3.66 மீட்டர். தரையைத் தொட ஆகும் நேரம் 0.86 நொடி, தொடும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8.5 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். 0.86 நொடியில் தொலைக்காட்சியில் ஓடுபவை 21 படச்சட்டங்கள். வெட்டி எறியப்படும் அந்த 21 சட்டங்களுக்குள்தான் என் மாமாவின் கால் இருந்தது.

இதில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. ‘குதிக்காதே’ என்ற எச்சரிக்கை தமிழிலேயே வந்திருந்தாலும் அவரைக் காத்திருக்காது. ஏனெனில் அவர் குதிக்கவே இல்லை. அந்தச் சுழற்சி எவ்வாறு செய்யப்பட்டது என்பதை யாரேனும் விளக்கியிருந்தால் காத்திருக்கும். தடை வேறு, விளக்கம் வேறு. தடையை மீறலாம், அல்லது அதில் இடைவெளி காணலாம். விளக்கம் பெற்ற பிள்ளைக்கு மீற எதுவும் இல்லை.

நம் ஊர்த் திருவிழா நாடகங்களை எண்ணிப் பாருங்கள். மேடையில் முருகனாக வந்தவர் வேடம் கலையாமல் கொட்டகைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். பக்தியும் குறைவதில்லை, ஏமாற்றமும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் அப்படி ஒரு கொட்டகை இல்லை. என் மாமாவோ அதையும் திறந்து பார்த்தவர். பதினைந்தாம் வயதில் போடியில் ஒரு தொலைக்காட்சிப் பழுது பார்க்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். படக்குழாய்ப் பெட்டிகளின் பின்மூடியைக் கழற்றி அவர் கற்ற தொழிலே இன்று அவருடைய சொந்தக் கடை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணத்தை ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டுவது அக்கடை.

நிறைவாக

இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நடந்தது. அங்குள்ள தொடக்கப்பள்ளியில் நானும் தோழியரும் ஒரு சிறு செயல்விளக்கம் செய்தோம். கரையில்லாப் பச்சைச் சேலை ஒன்றைச் சுவரில் கட்டினோம். ஒரு சிறுமியைப் பெஞ்சின் மேல் குப்புறப் படுக்க வைத்து, பெஞ்சையும் பச்சைத் துணியால் மூடிக் கைப்பேசியில் படம் பிடித்தோம். பின்னணியில் போடி மலையின் படத்தைச் சேர்த்துக் காட்டினோம். தான் மலைக்கு மேல் பறப்பதைக் கண்ட சிறுமி கூச்சலிட்டுச் சிரித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்து போய், சுவரிலிருந்த சேலையைத் தூக்கிப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். சுவர்தான் இருந்தது. அடுத்து ஒவ்வொரு பிள்ளையும் வரிசையில் நின்று சேலையைத் தூக்கிப் பார்த்தது.

இன்று சக்திமான் ஓய்வு பெற்றுவிட்டான். ஆனால் பிள்ளைகளின் கைக்குள் வந்துவிட்ட கைப்பேசித் திரையில், தெரியாத மொழிகளில், ஆயிரம் பேர் கூரை விட்டுக் கூரை தாவுகிறார்கள். பார்க்காதே என்று சொல்லி எத்தனை வீட்டில் தடுக்க முடியும்? அறிவியல் பயிலும் நாம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, ஒரு பச்சைத் துணியும் ஒரு கைப்பேசியும் கொண்டு, திரைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுவோம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. அரை நாள் போதும்.

இக்கட்டுரையை மாமாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “சுத்துனது எழுதிட்டேல்ல? அது போதும்” என்றார்.